பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பாட்டுக் குழு போட்டிக்குப் போகணும்னா… என்னவெல்லாம் நடக்கணும்?

பள்ளிபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிக்கன். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு போட்டு வதக்கிய அந்தச் சிக்கன் இன்று சென்னை, பெங்களூரு ஹோட்டல் மெனு வரைக்கும் போய்விட்டது. உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள்: "தறிச் சத்தமுங்க." காவிரிக் கரையில் தெருவுக்குத் தெரு விசைத்தறி. அந்தச் சத்தம் நின்றால்தான் இங்கே சில பேருக்குத் தூக்கம் கலையும்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் வளர்கிற பத்துப் பிள்ளைகள் ஒரு பாட்டைச் சேர்ந்து பாடி, ஊர் விட்டு ஊர் போய், நடுவர்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குரல் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? யார் அனுப்புவார்கள், எப்படிப் போவார்கள், எத்தனை படி ஏற வேண்டும், ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: கலைத் திருவிழா

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இன்று திறந்திருக்கிற பெரிய கதவு, பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழா. 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்காகத் தொடங்கியது. பிறகு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். சிறந்த மாணவர்களை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதும் திட்டத்தின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படி ஏற வேண்டும். பள்ளிபாளையம் தனி வட்டாரம் என்பதால் வட்டாரம் வரையிலான படிகள் ஊர்ப் பக்கத்திலேயே முடிந்துவிடும். மாவட்டப் படியில்தான் முதல் சிக்கல்.

பள்ளிபாளையத்துக்காரர்களுக்கு ஈரோடு என்பது ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, சினிமாவுக்கு, ரயில் பிடிக்க எல்லாமே ஈரோடுதான். ஆனால் ஊர் இருப்பது நாமக்கல் மாவட்டத்தில். 1997 வரை சேலம் மாவட்டம், அதன் பிறகு நாமக்கல். அதனால் மாவட்டப் போட்டிக்கு நாமக்கல் மாவட்டத்துக்குள்தான் போக வேண்டும். போட்டி நாமக்கல் நகரத்தில் என்றால் திருச்செங்கோடு வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். பாலம் தாண்டினால் வரும் ஊரில் நல்ல பாட்டு வாத்தியார் இருக்கலாம், ஒத்திகைக்கு நல்ல இடம்கூட இருக்கலாம். போட்டி மட்டும் எதிர்த் திசையில்.

மாநிலப் போட்டி எங்கே நடக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். பக்கத்து மாவட்டமாகவும் இருக்கலாம், சென்னையாகவும் இருக்கலாம். ரொம்ப முன்னாடியே தெரிந்துகொண்டு டிக்கெட் போட்டு வைக்கிற வாய்ப்பு கிடையாது.

9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மத்தியக் கல்வி அமைச்சகம் 2015-இல் தொடங்கிய கலா உத்சவ். இதில் மாநிலத்தில் தேர்வானால் தேசியச் சுற்றுக்குப் போகலாம்.

இரண்டாவது வழி: கல்லூரிக் குழு

பள்ளியில் வாய்ப்பு தவறினாலும் கதை முடிந்துவிடவில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1985-இலிருந்து இளைஞர் விழா நடத்துகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அடுத்து மண்டலம், அதற்கடுத்து தேசியம். இதில் குழுப்பாடல் ஒரு முக்கியமான பிரிவு. இந்தியப் பாடலுக்குத் தனி, மேற்கத்திய பாணிக்குத் தனி.

இதன் விதிகள் கறாரானவை. குழுவில் பாடுபவர்கள் அதிகபட்சம் 6 பேர். பக்கவாத்தியம் 3 பேர். பாடும் நேரம் 10 நிமிடம். மேடையில் மைக், வாத்தியங்களை அமைத்துக்கொள்ளத் தனியாக 4 நிமிடம். சினிமாப் பாட்டு கூடாது.

கடைசி விதிதான் நம் பசங்களை மாட்டிவிடும். காலேஜ் கல்ச்சுரல்ஸில் இளையராஜா, ரஹ்மான் பாட்டைப் பாடிக் கைத்தட்டல் வாங்கிய குழுவுக்கு, "சினிமா தவிர வேற ஏதாவது பாடுங்க" என்றதும் கை உடைந்த மாதிரி ஆகிவிடும். பாரதி, பாரதிதாசன், நாட்டுப்புறப் பாடல் என்று தேட வேண்டும். தேடினால் மட்டும் போதாது, அதைக் குழுவுக்கு ஏற்ற மாதிரி யாராவது அமைத்துத் தர வேண்டும்.

இதிலும் ஆறு குறுக்கே வருகிறது. நாமக்கல் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ். ஈரோட்டுக் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ். பள்ளியில் ஒரே குழுவில் பாடிய இரண்டு பேர், கல்லூரி சேர்ந்ததும் பாலத்தின் இரு பக்கமும் பிரிந்து, வெவ்வேறு குழுவாக எதிரெதிரே நிற்க நேரலாம்.

கோரஸும் சேர்ந்திசையும் ஒன்றா?

இல்லை. பள்ளி ஆண்டுவிழாவில் இருபது பேர் வரிசையாக நின்று ஒரே மெட்டை ஒரே மாதிரி பாடுவதை நாம் கோரஸ் என்கிறோம். சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரவரிசைகள் ஓடும். மேற்கத்திய முறையில் குரல்களை நான்காகப் பிரிப்பார்கள். பெண் குரலில் உயர்ந்தது சோப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ. ஆண் குரலில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பேஸ். நால்வரும் பாடுவது வெவ்வேறு சுரம், காதில் விழுவது ஒரே பாட்டு.

நம்முடைய மரபிசை தனிக்குரலை மையமாகக் கொண்டது. ராகத்தின் நுணுக்கம், கமகம் எல்லாம் ஒருவர் பாடும்போதுதான் முழுதாக வெளிவரும். பஜனை, கும்மி, தெம்மாங்கு என்று சேர்ந்து பாடுகிற வழக்கம் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள், அல்லது ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

தமிழ்ப் பாட்டைச் சேர்ந்திசையாக மேடையேற்றிய முன்னோடி எம்.பி. சீனிவாசன். சினிமா தெரிந்தவர்களுக்கு எம்.பி.எஸ். 1925-இல் சித்தூரில் பிறந்தவர். 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசையமைப்பாளர். யேசுதாஸின் முதல் சினிமாப் பாடல் 1961-இல் பதிவானது இவருடைய இசையில்தான். திரைத்துறைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைப்பதிலும் முன்னால் நின்றவர். 1970-களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். மெட்ராஸ் யூத் கொயர் என்றால் பலருக்குத் தெரியும். பாரதியின் வரிகளைப் பல குரல்களுக்குப் பிரித்து எழுதி, முறையாகச் சங்கீதம் படிக்காத இளைஞர்களையும் பாட வைத்தார். 1988 மார்ச் 9-ஆம் தேதி லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் மாரடைப்பால் இறந்தார்.

இன்று பள்ளிபாளையத்தில் ஒரு ஆசிரியர் பாரதி பாட்டை மூன்று குரலாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார் என்றால், அவர் எம்.பி.எஸ். போட்ட பாதையில்தான் நடக்கிறார்.

பிரித்துப் பாடினால் என்ன லாபம்?

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில் பெரிய பிரச்சினை ஒன்று இதனால் தீரும். அது சுருதி.

பெண்கள் பொதுவாக 5, 5½ கட்டையில் வசதியாகப் பாடுவார்கள். ஆண்களுக்கு 1, 1½ கட்டை. பிளஸ் ஒன் படிக்கும் பையனும் பொண்ணும் ஒரே மெட்டைப் பாட வேண்டுமென்றால், பொண்ணுக்குச் சரியான சுருதியில் பையன் மேல்ஸ்தாயியில் கத்துவான். பையனுக்குச் சரியான சுருதியில் பொண்ணின் குரல் கீழே போய்க் காணாமல் போகும். நடுவில் ஒரு சுருதி வைத்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். பாட்டைக் குரல்வாரியாகப் பிரித்துவிட்டால் அவரவர் எல்லைக்குள் அவரவர் பாடலாம்.

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் விஷயம் இன்னும் சிக்கல். 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை வளர்ந்து குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். ஜூனில் தேர்ந்தெடுத்த பையனுக்கு நவம்பரில் வேறு குரல். மேடையில் குரல் பிசிறினால் பயலுக்கு அவமானம், அதோடு பாட்டையே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இது வயதின் மாற்றம்தான், தொண்டையில் கோளாறு இல்லை என்று முன்கூட்டியே சொல்லி, அவனுக்கு எளிதான கீழ்ப்பகுதியைக் கொடுக்கிற ஆசிரியர் ஒரு பாடகரைக் காப்பாற்றுகிறார்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சவாலும் உண்டு. விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். இந்தியத் தொழிற்சாலை விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு உச்சவரம்பே 90 டெசிபெல்தான். தறியோடு ஒட்டிய வீட்டில் வளர்கிற பிள்ளைக்குக் குரலை உயர்த்திப் பேசுவதுதான் இயல்பான பேச்சு. அந்தத் தொண்டைக்கு வலு உண்டு. ஆனால் சேர்ந்திசையில் மார்க் வாங்கித் தருவது வலு அல்ல, பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டே பாடுகிற பழக்கம். தன் குரல் தனியாகக் கேட்டால் தப்பு என்று புரிய வைக்கவே முதல் மாதம் போய்விடும்.

மூச்சு அடுத்த பாடம். நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்த மாதிரி இருக்கும். ஆளுக்கொரு இடத்தில் மாற்றி மாற்றி வாங்கினால் வரி அறாது. மற்ற இடங்களில் எல்லோரும் ஒன்றாகவே வாங்க வேண்டும். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 18 வயதுள்ள 15 பேரைச் சேர்ந்து பாட வைத்து இதயத் துடிப்பை அளந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்து பாடும்போது அவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. காரணம் மாயம் ஒன்றும் இல்லை. பாட்டு மூச்சைக் கட்டுப்படுத்துகிறது, மூச்சு துடிப்பைக் கட்டுப்படுத்துகிறது.

பயணம்: பாட்டை விடக் கஷ்டமான பகுதி

மாவட்டத்தில் முதலிடம் என்று அறிவித்ததும் கைத்தட்டல், போட்டோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு ஆசிரியர் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும்.

ரயிலில் போகலாமா? ஈரோட்டிலிருந்து சென்னைக்கு இரவில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ரயில்வேயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். நமக்குப் போட்டித் தேதி அத்தனை நாள் முன்னாடி தெரிவது அபூர்வம். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான். பிள்ளைகள், ஆசிரியர்கள், வாத்தியக்காரர்கள் எல்லாம் சேர்த்து 14 பேர் என்றால் மூன்று டிக்கெட், மூன்று பெட்டி, அதிலும் பாதி வெயிட்டிங் லிஸ்ட். மொத்தமாக ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் பள்ளியின் கடிதத்தோடு ரயில் நிலையத்தில் குழு முன்பதிவுக்கு மனு கொடுக்கலாம். மாணவர்களுக்கான கட்டணச் சலுகை எந்தப் பயணத்துக்குப் பொருந்தும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

அதனால்தான் பல குழுக்கள் கடைசியில் வேன் பிடிக்கின்றன. வேன் என்றால் வாடகை, டீசல், டோல்கேட், டிரைவர் பேட்டா. அதோடு ஆர்மோனியம், தபேலா, உறுமி போன்றவற்றுக்கு இடம்.

அடுத்தது வீட்டு அனுமதி. "பொம்பளப் புள்ளைய ராத்திரி வெளியூருக்கு எப்படிங்க அனுப்பறது?" இது எந்த வீட்டிலும் வரும் கேள்வி, தவறான கேள்வியும் அல்ல. அதற்குப் பதில், "நான் பாத்துக்கறனுங்க" என்கிற ஒற்றை வார்த்தை அல்ல. யார் கூட வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், பெண் ஆசிரியர் உண்டா, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அப்பா அம்மா இரண்டு பேரும் ஷிப்டில் தறி ஓட்டுகிற வீட்டில், கூடத் துணைக்கு வருவது என்றால் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலிக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், "பேரன்ட்ஸ் சப்போர்ட் இல்லை" என்று சொல்லிவிடுவது நியாயம் இல்லை.

நல்ல குரல் உள்ள பிள்ளை இந்தக் கட்டத்தில்தான் குழுவிலிருந்து நின்றுபோகும். நடுவர் யாரும் அவளை நிராகரித்திருக்க மாட்டார்கள். அவளுடைய பெயர் தோல்விப் பட்டியலில்கூட இருக்காது.

எல்லாம் சரியாகி வேன் கிளம்பியாச்சு. இப்போது பெரிய ஆபத்து வேனுக்குள்தான். ஊர் எல்லை தாண்டியதும் அந்தாக்‌ஷரி ஆரம்பமாகும். ஜன்னல் காற்று, இன்ஜின் சத்தம், அதற்கு மேலே கத்திப் பாட்டு. மூன்று மணி நேரத்தில் பாதிப் பேருக்குத் தொண்டை கம்மிவிடும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் போகும்போது மௌனம், வரும்போது ஆட்டம் என்று விதி வைப்பார்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும், முந்தின இரவு தூங்க வேண்டும். தொண்டை கட்டியிருந்தால் குசுகுசுவென்று பேசுவதும் நல்லதில்லை, அதற்குப் பேசாமலே இருக்கலாம்.

போய்ச் சேர்ந்த பிறகு காத்திருப்பு. காலை 9 மணிக்கு வரச் சொன்ன போட்டியில் உங்கள் முறை மதியம் 3 மணிக்கு வரலாம். பிள்ளைகளை வெயிலில் நிற்க வைக்காமல், வயிறு முட்டச் சாப்பிடவும் விடாமல், முறை வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு குரலைச் சூடாக்கி மேடையேற்றுவது தனிக் கலை.

உலக மேடைக்குப் போனவர்கள்

நம் நாட்டு இளைஞர் குழுக்கள் இதைவிட நீண்ட பயணமும் போயிருக்கின்றன. ரூமா குஹா தாகுர்தா, இசையமைப்பாளர் சலில் சௌத்ரி போன்றவர்கள் 1958-இல் தொடங்கிய கல்கத்தா யூத் கொயர், 1974-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடந்த இளைஞர் விழாவில் முதல் பரிசு வாங்கியது.

நம் தலைமுறைக்குத் தெரிந்த பெயர் ஷில்லாங் சேம்பர் கொயர். பியானோ கலைஞர் நீல் நாங்கின்ரி 2001-இல் மேகாலயாவில் தொடங்கியது. 2010-இல் சீனாவின் ஷாவோசிங் நகரில் நடந்த உலக சேர்ந்திசைப் போட்டியில், பங்கேற்ற மூன்று பிரிவுகளிலும் தங்க விருது பெற்றார்கள். அதே ஆண்டு 'இந்தியாஸ் காட் டேலன்ட்' நிகழ்ச்சியிலும் வென்றார்கள். நீல் 2022 ஜனவரியில் காலமானார்.

அந்த உலகப் போட்டி 2000-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 'கொயர் ஒலிம்பிக்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்துவது வழக்கம். அண்மையில் 2023-இல் தென்கொரியாவின் காங்னங்கிலும், 2024-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் நடந்தது. ஓட்டப்பந்தயம் போல ஒருவருக்கு மட்டும் தங்கம் என்ற முறை இங்கே இல்லை. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டும் எல்லாக் குழுக்களுக்கும் தங்கம் உண்டு. அதற்கும் மேலே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சாம்பியன். எனவே 'தங்கம் வென்றார்கள்' என்று செய்தி படிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சர்வதேச சேர்ந்திசைப் போட்டிகளில் பெரும்பாலும் பங்கேற்புக் கட்டணம், விமானம், தங்குமிடம் எல்லாம் குழுவின் செலவு. "உங்கள் குழு தேர்வாகிவிட்டது, பணம் கட்டுங்கள்" என்று மெயில் வந்தால் உடனே கொண்டாட வேண்டாம். நடுவர்கள் யார், போன முறை எங்கே நடந்தது, கட்டணத்தில் என்னவெல்லாம் அடங்கும், விசா கடிதம் யார் தருவார்கள் என்று நான்கு கேள்வி கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கிற உங்களில் பல பேர் இப்படியொரு ஊரிலிருந்து கிளம்பி பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவர்களாக இருப்பீர்கள். படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்ற எண்ணமும் இருக்கும். சுவருக்குப் பெயின்ட், மேடைக்கு மைக் என்றுதான் பெரும்பாலும் யோசிப்போம்.

பாட்டுக் குழுவுக்குத் தேவைப்படுவது வேறு. மாவட்டப் போட்டி முடிந்த வாரத்தில் ஒரு வேன் வாடகை. ஒரு நல்ல சுருதிப் பெட்டி. சனிக்கிழமைகளில் வந்து பாட்டைக் குரல்வாரியாகப் பிரித்துச் சொல்லித்தரத் தெரிந்த ஒருவர். கூட வரும் அம்மாவுக்கு அன்றைய கூலியை ஈடுகட்ட ஒரு சின்னத் தொகை. இதையெல்லாம் தலைமை ஆசிரியர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார். நீங்கள்தான் போன் பண்ணி, "சார், இந்த வருசம் குழுப்பாட்டுக்கு யாராச்சும் போறாங்களா?" என்று கேட்க வேண்டும். ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள். ஜெயித்த பிறகு கேட்டால் சால்வை போடத்தான் நேரம் இருக்கும்.

போகிற குழுக்களில் பெரும்பாலானவை பரிசு இல்லாமல்தான் திரும்பும். கணக்கு அப்படித்தான். ஆனாலும் நாமக்கல் தாண்டாத பத்துப் பிள்ளைகள், முன்பின் தெரியாத ஓர் ஊரின் மேடையில் பத்து நிமிடம் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பாடிவிட்டு வருவார்கள். திரும்பி வரும் வேனில் அந்தாக்‌ஷரிக்குத் தடை கிடையாது. பாலம் ஏறும்போது மணி எத்தனை ஆனாலும், கரையில் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைவிடச் சத்தமாகப் பாட அன்றைக்கு அவர்களுக்கு உரிமை உண்டு.